முந்நூறு அடி உயரத்து மேகக்கோட்டை

என் வீட்டுக்காரர் பெருமாள்சாமிக்கு எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தெரியாது. ஓசூர் தாண்டிப் பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. ஒவ்வொரு பம்பையும் தொட்டிமேல் வைத்து ஓட்டிப் பார்ப்பார். தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தச் சீட்டுக் கட்டு அவர் மனதை விட்டு இறங்காது. சாமி படத்துக்குக் கூட்டிப்போனால், பறக்கிற ரதத்துக்குச் சக்கரம் எதற்கு என்று கேட்பார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி என்னைத்தான் முறைப்பார்கள்.

இப்பேர்ப்பட்டவர் எழுதியது மாயாஜாலக் கதை. நீலசந்திராவில் எங்கள் மாடியறையில், சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில், எட்டு வருஷம் எழுதினார். தபாலை நான்தான் போடுவேன். ராகுகாலம், சகுனம் எதையும் நம்பாத மனிதருக்கு என் கைராசியில் மட்டும் நம்பிக்கை. "நீ போட்டாதான் விஜி, போய்ச் சேரும்" என்பார். சேர்ந்ததும் உண்மை, அத்தனையும் சென்னையிலிருந்து போன சூட்டோடு திரும்பி வந்ததும் உண்மை.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஒரு மாத நாவல் ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. 'மேகக்கோட்டை' ஏப்ரல் வெளியீடு என்று இரண்டே வரி. நான் அழுதுவிட்டேன். அவர் முகம் கழுவப் போய் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கதை இதுதான். மேகத்தில் ஒரு கோட்டை மிதக்கிறது. முகில்வாரணம் என்ற வெள்ளை யானை முந்நூறு அடி உயரத்திலிருந்து துதிக்கையை இறக்கி, கீழே ஏரித் தண்ணீரை உறிஞ்சிக் கோட்டைக்காரர்களுக்குக் கொடுக்கிறது. ஏரி வற்றுவது தெரியாமல் கீழே இருப்பவர்கள் அதையே கும்பிடுகிறார்கள். தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்கும் எனக்கு அந்த யானைமேல் ஆசையே வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஓசூர் பக்கத்து விவசாயி ஒருவர், தண்ணீர் எடுக்கவில்லை என்று பம்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். இவர் ஓட்டிப் பார்த்தார். நன்றாகவே ஓடியது. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், கிணற்றுத் தண்ணீருக்கு நாற்பது அடி மேலே. 'பம்பில் குறையில்லை, வைத்த உயரத்தில்தான் குறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பாதி வழியில்தான் தன் யானை நிற்கும் உயரம் நினைவுக்கு வந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கதை போச்சு விஜி. யானையால உறிஞ்ச முடியாது."

"அது மாய யானைங்க."

"பறக்கட்டும், பேசட்டும், நான் கேக்கல. ஆனா தண்ணி தண்ணிதானே. உறிஞ்சறதுன்னா நாம இழுக்கறது இல்ல. உள்ள இருக்கிற காத்த எடுத்துட்டா வெளிக்காத்து தண்ணிய மேல தள்ளுது. அது தள்றதே முப்பத்துநாலு அடிதான். எவ்ளோ பலம் இருந்தாலும் அதுக்குமேல ஏறாது."

"படிக்கிறவங்க டேப் வெச்சி அளக்கப் போறாங்களா? சும்னே இருங்க."

"தண்ணி வராத ஊர்ல அவங்கள எப்படிக் குடி வெக்கிறது?"

ஏதோ சொந்தக்காரர்களை வாடகை வீட்டில் வைத்தவர் மாதிரி தவித்தார். சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியிலிருந்து பிளாஸ்டிக் குழாயைத் தெருவில் வைத்த வாளிக்குள் விட்டு, கன்னம் ஒட்ட உறிஞ்சினார். பத்தடிகூட ஏறவில்லை. தெருவே நின்று சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

நாலாம் நாள் வழி கிடைத்தது. கீழேயிருந்து தள்ளினால் எத்தனை உயரமும் ஏறுமாம். அப்படியானால் யானை கீழேதான் நிற்க வேண்டும், கீழே இருப்பவர்கள் மனது வைத்தால்தான் மேலே தண்ணீர். கதை முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். அச்சை நிறுத்துங்கள், இரண்டு மாதம் பொறுக்க முடியாவிட்டால் கதையைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஆசிரியருக்கு எழுதி, உறையை ஒட்டி என் கையில் கொடுத்தார்.

நான் அதைப் போடவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவுக்கடியில் ஒளித்து வைத்தேன். எட்டு வருஷம் தட்டித் திறந்த கதவு, நிறுத்துங்கள் என்றால் அடைத்துக்கொள்ளும் என்று பயந்தேன். ஒரே ஒரு தடவை அவர் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் எனக்கு.

ஏப்ரலில் புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். பஸ்ஸில் எல்லோரும் கைகுலுக்கினார்களாம். அவர் முகமோ, தேறாத பம்புக்குப் பச்சைச் சீட்டு கட்டியவன் முகமாக இருந்தது. "லெட்டர் கிடைக்கல போல" என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசகர் கடிதம் பதினொன்று வந்தது. எல்லாம் பாராட்டு. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். முந்நூறு அடியை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனாலும் புதுக்கதையை விடாமல் எழுதி முடித்து என்னிடம் கொடுத்தார். தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரே மூச்சில் படித்தேன். கீழே இருப்பவர்கள் முதல்முறையாக யானையைச் சுற்றி நின்று, எங்கள் ஏரியிலிருந்து நீ தள்ளும் தண்ணீரை மேலே யார் குடிக்கிறார்கள் என்று கேட்கும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதல்லவா கதை. எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

அவர் வந்ததும் கடிதத்தை எடுத்து நீட்டினேன். உறையில் மிளகாய் நெடி. பிரித்து முழுசாகப் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, காரணம் சொல்லியிருந்த வரியில் முப்பத்துநாலு அடியை அடித்து முப்பது என்று திருத்தினார்.

"கதையில ஏரி மலைமேல இருக்கு. அங்க காத்து தள்றது இன்னும் கம்மி."

"உங்க பேரு வரணும்னுதாங்க..."

"தெரியும்" என்றார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதுக்கதையை அதே ஆசிரியருக்கு அனுப்பினார். இதை நாங்கள் ஏற்கெனவே வெளியிட்டுவிட்டோமே என்று பதில் வந்தது.

இன்னும் எழுதுகிறார். போன வாரம்கூடக் காலையில் ஒரு கவரோடு வேலைக்குக் கிளம்பினார். "குடுங்க, நான் போட்டுடறேன்" என்றேன்.

"பரவால்ல, போற வழிதான்" என்றார்.

தபால் பெட்டி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது.