மடி நனையும்வரை

வெயிலில் காயும் ஏரிப்பாசிக்குப் பச்சைமீனும் பழைய மண்ணும் கலந்த ஒரு வாசனை உண்டு. எனக்கு என்றைக்கும் அது சாமி வாசனை. பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியின் மதகை ஒட்டி, கரையின் உட்சரிவில், சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்து அமர்ந்திருந்த கருங்கல் உருவத்தைக் "குந்துனசாமி" என்போம். வைகாசிப் பௌர்ணமியன்று, வற்றிய ஏரிக்குள் இறங்கி, பாலும் வெள்ளைப் பூவும் வைத்துக் கும்பிடுவோம். கோழியோடு யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், "அவரு ரத்தம் பாக்கமாட்டாரு, எடுத்துக்கினு போ" என்று விரட்டுவார்கள். அந்தப் பௌர்ணமி புத்தர் பிறந்த நாள் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்துத்தான் அறிந்தேன்.

மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி அவர் மடியைத் தொட்ட பிறகே மதகைத் திறக்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. முன்னதாகத் திறந்தால் மதகருகே இருந்த தலைமடை வயல்களே அவ்வளவையும் குடித்துவிடும். வாய்க்காலின் கோடியில் இருந்த எங்கள் கடைமடைக்கு ஈரம்கூட வந்து சேராது.

1939 என்று உறுதியாகச் சொல்வேன். ஐரோப்பாவில் போர் மூண்ட செய்தி பிரெஞ்சு நிர்வாகத்தின் கொம்யூன் அலுவலக ஆட்கள் வழியாக ஊருக்கு வந்த ஆண்டு அது. அதற்குச் சற்று முன்புதான் புதுச்சேரியிலிருந்து வந்த படித்தவர் ஒருவர் உருவத்தைப் படம் பிடித்து, "இது புத்தர்" என்று சொல்லிப் போயிருந்தார். உடனே தலைமடைப் பண்ணையாருக்குப் பக்தி பிறந்தது. புரட்டாசியில் மாடுகளைப் பூட்டிச் சாமியைக் கரைமேல் இழுத்து, மேடை கட்டிக் கூரையும் போட்டார். ஐப்பசியில் ஏரி பாதி நிறைவதற்குள் அவருடைய ஆட்கள் மதகைத் திறக்க வந்துவிட்டார்கள். மடியைக் காட்டி மறிக்கச் சாமி அங்கே இல்லை.

என் அத்தை பட்டம்மாள் அன்று காலையிலேயே கடைமடை ஆண்களையும் பெண்களையும் கயிறும் பனந்துண்டுமாகக் கூட்டி வந்தாள். பாதிப்பேர் மதகின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் சாமியை உருட்டுக்கட்டைகளின்மேல் ஏற்றினார்கள். பண்ணையார் குடையோடு வந்து நின்றார்.

"இன்னா பட்டு, கூரை போட்டுக் குந்தவெச்ச சாமிய மறுபடி சேத்துல தள்றீங்களே, அடுக்குமா? இவரு புத்தரு, தெரியுமில்ல?"

"யாராவேணா இருக்கட்டும் ஐயா. மேல தூக்கிட்டா, தண்ணி எம்மாந்தூரம் வந்துச்சுன்னு நாங்க யாரப் பாக்கறது?"

"கடைமடைக்காரிக்கு வாய் நீளம்தான்."

"வாய் நீளமில்ல ஐயா, வாய்க்கால்தான் நீளம்."

மதகின்மேல் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பழைய பீடக்கல் கலங்கல் தண்ணீருக்குள் மறைந்திருந்தது. நானும் மற்றப் பிள்ளைகளும் பாவாடையையும் கோவணத்தையும் இறுக்கிக்கொண்டு இறங்கிக் காலால் துழாவினோம். சாமி பொருந்தும் பள்ளம் என் குதிகாலில்தான் தட்டுப்பட்டது. "இங்க இருக்கு அத்தை!" என்று கத்தினேன். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இரண்டுமுறை சறுக்கி, மூன்றாம் முறை அமர்த்தினார்கள். தண்ணீர் அவர் கால்விரல்களைத்தான் நனைத்தது. மடி காய்ந்தே இருந்தது.

அத்தனை பேர் கண்ணெதிரில் அந்தக் காய்ந்த மடியைப் பார்த்த பிறகு, பண்ணையார் தம் ஆட்களைத் திரும்பிப் போகச் சொன்னார். ஆனாலும் மதகை விட்டு எங்களவர் நகரவில்லை. முறை வைத்துக் காவல் இருந்தார்கள். கார்த்திகை மழையில் ஏரி பெருகி, சாமியின் கைகளுக்குள் தண்ணீர் தளும்பியபோது மதகு திறந்தது. அந்தத் தை மாதம் எங்கள் களத்திலும் நெல் குவிந்தது.

இன்று கடைமடையில் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. மிச்சமுள்ள வயல்களுக்கு ஆழ்குழாய்த் தண்ணீர். ஏரி மடிவரை ஏறுவது அரிதாகிவிட்டது; மடியைப் பார்த்து மதகு திறப்பவரும் இல்லை. போன ஐப்பசியில் ஊர் இளைஞர்கள் என்னிடம் வந்து, "சாமி வெயில்ல கெடக்குறாரு, கரைமேல மண்டபம் கட்டி வெச்சிடலாம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள்.

கரைமேல் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மட்டும் அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் திரும்பி வந்தால் எதுவரை வந்தது என்று பார்க்க வேண்டாமா?