ஓர் ஆட்டத்துக்கு மூன்று தலைமை நடுவர்கள்

ஒரே கால்பந்து ஆட்டத்துக்கு மூன்று தலைமை நடுவர்களை வரவழைத்து, மூவரில் ஒருவர்கூட விசில் ஊதாமல் பார்த்துக்கொண்ட பெருமை எனக்கு உண்டு. இந்தப் பெருமைக்கு வேறு யாரும் உரிமை கோரி இதுவரை வரவில்லை. வந்தாலும் விட்டுக்கொடுக்கிற உத்தேசம் இல்லை. தனி ஆளாக நான் சாதித்த காரியங்கள் மிகவும் குறைவு.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன். கால்பந்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், ஆடியதில்லை. பள்ளிக்கூட நாட்களில் பந்து என் பக்கம் வந்தபோதெல்லாம் நாகரிகமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டிருக்கிறேன். இப்படிப்பட்டவன் எங்கள் வட்டாரத்துச் சிறுவர் சிறுமியர் லீக்கின் கூட்டம் ஒன்றுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வந்திருக்கலாம். யாரோ ஏதோ சந்தேகம் கேட்க, விதிப்புத்தகத்திலிருந்து ஒரு விதியை எண்ணோடு எடுத்துச் சொன்னேன். கூட்டம் முடிவதற்குள் நான் நடுவர் நியமனச் செயலாளர். அதுவரை அந்தப் பதவியில் இருந்தவர் எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வேகத்தைப் பார்த்தாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

வேலை என்னவோ எளிதுதான். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர் மைதானத்தில் எந்த ஆட்டம், அதற்கு எந்த நடுவர் என்று முடிவு செய்து சொல்ல வேண்டும். நான் இதை நவீனப்படுத்தினேன். கணினியில் வண்ண வண்ணக் கட்டங்களாக ஓர் அட்டவணை போட்டு, நடுவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக நீல நிறக் கோடுகள் விழுந்தன. ஒன்றிரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து போன். இரண்டு அணியும் வந்து நிற்கிறது, நடுவரைக் காணோம் என்றார்கள். நியமிக்கப்பட்டவர் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒரு ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“குரூப்ல போட்டிருந்தீங்க சார், பாத்தேன்,” என்றார். “ஆனா என்னை யாரும் கூப்பிடலையே.”

அந்த வாக்கியத்தின் ஆழம் எனக்கு உடனே புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால் இன்னார் வீட்டில் இன்ன தேதியில் கல்யாணம் என்று தெரியும், அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு வைத்து, ‘நீங்க வந்துதான் நடத்திக் குடுக்கணும்’ என்று வாயால் ஒரு வார்த்தை சொன்னால்தான் அது அழைப்பு. என்னுடைய அட்டவணை தபாலில் வந்த பத்திரிகை. கூப்பிடாத இடத்துக்குப் போய் நிற்க அவர் என்ன சாப்பாட்டுக்கு அலைகிறவரா? தவிர, மைதானத்துக்காரர்களும் ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டார்களா? இல்லை. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. காவிரிக்கரையில் அரசர்கள் எப்படி ஓலை அனுப்பினார்கள் என்பதைப் பற்றி இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

திருந்தினேன். புது ஏற்பாடு செய்தேன். இனி ஒவ்வொரு நடுவரையும் நானே போனில் அழைப்பேன். கூடவே, எந்த கிளப்பின் மைதானத்தில் ஆட்டமோ அந்த கிளப்பும் நடுவரை முறையாக அழைத்துவிட வேண்டும். இதை எல்லா கிளப்புகளுக்கும் எழுதி அனுப்பினேன். நடுவரை அழைக்க வேண்டும் என்று எழுதினேனே தவிர, நான் நியமித்த அதே நடுவரை அழைக்க வேண்டும் என்று எழுதவில்லை. அதை வேறு எழுத வேண்டுமா என்று நினைத்தேன். எழுத வேண்டும்.

தெரிந்துகொண்டது குத்தாலத்துப் பக்கம் ஒரு மைதானத்தில், பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான அரையிறுதியில்.

சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. அந்த மாதத்தில் டெல்டாவில் தட்டையாக இருக்கிற எந்த இடமும் நெல்லுக்குத்தான் சொந்தம். மறுநாள் காலையிலிருந்து அந்த மைதானம் நெல் கொள்முதலுக்குப் போகிறது. ஏற்கெனவே ஒரு பக்க கோல் கம்பத்துக்குப் பின்னால், கோட்டை ஒட்டித் தார்ப்பாய் விரித்து யாரோ நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். அன்று ஆடினால் ஆட்டம். ஆடாவிட்டால், எங்கள் லீக் விதிப்படி, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு அணியை இறுதிக்கு அனுப்பிவிடுவோம்.

வந்திருந்த அணிக்கு அந்தச் சீட்டு நன்றாகத் தெரியும். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். அவர்களுடைய தாத்தாக்கள் அந்த மைதானத்தைச் சுற்றியுள்ள வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள். அப்பாக்களில் சிலர் இன்று அதே வயல்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். அணியைப் பழக்குகிறவர் அதே தெருவில் பிறந்து, அரசு மருத்துவமனையில் நர்சாக இருக்கும் பெண்மணி. எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. போன வருடமும் அரையிறுதி. போன வருடமும் ஏதோ ஒரு காரணம். சீட்டு எழுதி, ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, ஆடாமலே தோற்று வீட்டுக்குப் போனார்கள். இந்த வருடம் டியூட்டியை மாற்றிக்கொண்டு, அறுவடை வேலையை விட்டுப் பெண்களை அனுப்பச் சொல்லி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேசி அழைத்து வந்திருந்தார். ஜெயிக்க வைக்கச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. “எப்படியாவது ஆட்டம் நடந்துடணும் சார்,” என்று மட்டும் முதல் நாள் போனில் சொன்னார். “நடக்கும், நான் இருக்கிறேன்,” என்று நான் சொன்னேன். மேற்பார்வைக்கு நேரிலேயே போனேன்.

மைதானத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மூன்று பேர் கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால்சட்டை, கழுத்தில் விசிலோடு. ஒருவர் நான் போனில் அழைத்த பி.டி. வாத்தியார். இன்னொருவர் மின்வாரியத்துக்காரர், உள்ளூர் கிளப்பின் செயலாளர் அழைத்தது. மூன்றாமவர் கூட்டுறவு வங்கிக் காசாளர். அதே கிளப்பின் தலைவர் அழைத்தது. தலைவரும் செயலாளரும் போன வருடத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். கிளப் அழைக்க வேண்டும் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, கிளப் என்றால் தான்தான் என்று இருவரும் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்துக்கு நடுவில் ஒருவர், கோட்டோரம் கொடியோடு இருவர், ஆக மூன்று பேர் வேண்டும் என்றுதான் விதிப்புத்தகம் சொல்கிறது. எங்கள் லீக்கின் சரித்திரத்தில் மூன்று பேர் முழுசாக வந்தது அன்றைக்குத்தான். அதைச் சுட்டிக்காட்டி, இரண்டு பேர் கொடி பிடித்தால் போதுமே என்று நான் மகிழ்ச்சியோடு சொன்னேன்.

மின்வாரியத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கொடி புடிக்கவா என்னைக் கூப்பிட்டாங்க?”

அதன் பிறகு ஆரம்பித்தது மரியாதை. பி.டி. வாத்தியார் மற்ற இருவரையும் பார்த்து, நீங்களே நடத்துங்கள் என்றார். ஐயோ, நீங்கள் இருக்கும்போது நாங்களா என்றார் காசாளர். சீனியர் இருக்கும்போது அது முறையில்லை என்றார் மின்வாரியம். அப்படியானால் சரி என்று வாத்தியார் மைதானத்துக்குள் ஒரு அடி வைத்தார். இருவர் முகமும் தொங்கிப்போய்விட்டது. சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, உங்களுக்கு மனசில்லை போலிருக்கிறதே என்றார். மறுபடி முதலிலிருந்து. விட்டுக்கொடுப்பதில் மூவருக்கும் அப்படி ஒரு போட்டி. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. யாரையாவது திருப்பி அனுப்பலாமா என்று செயலாளரைக் கேட்டேன். தலைவர் அழைத்தவரைத் தாராளமாக அனுப்பலாம் என்றார். தலைவரைக் கேட்டேன். அவரும் இதே தாராளத்தோடு இருந்தார். காலில் கட்டிய பட்டைகளோடு பெண்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தென்னைக்குக் கீழே இறங்கிவிட்டது. செயலாளர் மெதுவாக என் காதருகே வந்து, இருட்டிக்கொண்டு வருகிறது, பேசாமல் சீட்டுப் போட்டுவிடலாமா, வீட்டிலிருந்து சொம்பு எடுத்துவரச் சொல்லட்டுமா என்றார்.

சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டார்.

நீங்கள் யாரையும் அழைக்கவில்லையா என்று அவரிடம் கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

“நாங்க கூப்பிட்டா வர்றோம்னு சொல்லுவாங்க சார், அதோட சரி,” என்றார். அதில் கசப்புகூட இல்லை. ஊசி போடுவதற்கு முன் கையை நீட்டச் சொல்கிற குரல். பிறகு மூன்று நடுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், இங்க யாருமே கூப்பிடாத ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க ஊதுங்க.”

நான் மறுத்தேன். நான் ஊதியதே இல்லை என்றேன். பேன்ட்டைக் காட்டினேன்; செருப்பைக் காட்டினேன். அதற்குள் மற்ற ஐந்து பேருக்கும் இந்த யோசனை பிடித்துப்போய்விட்டது. அழைக்கப்பட்ட மூவரில் ஒருவர் ஊதினால் மற்ற இருவருக்கும் இழுக்கு. அழைக்கப்படாதவன் ஊதினால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு இழுக்கு வருமே என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கென்று அங்கே ஒரு மரியாதை இருப்பதாக என்னாலும் நிரூபிக்க முடியவில்லை.

விசிலுக்கு ஒரு தகராறு. மூவரும் தங்கள் விசிலைத் தரவில்லை. சிஸ்டர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். எதிரணி விசில் செல்லாது என்று தலைவரும் செயலாளரும் போன வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரே குரலில் சொன்னார்கள். சாலையோரம் வேடிக்கை பார்க்க நின்ற மினி பஸ்ஸின் கண்டக்டரிடம் கடன் வாங்கினேன். திரும்பத் தரும்போது கழுவித் தரச் சொன்னார்.

மூன்று தலைமை நடுவர்களும் பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கையில் டீ. அதுவரை ஒருவரோடு ஒருவர் முறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நான் ஓட ஆரம்பித்ததும் அன்னியோன்னியமாகிவிட்டார்கள். நான் ஊதியதெல்லாம் தப்பு, ஊதாததெல்லாம் அதைவிடத் தப்பு என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஒரு முறை என் செருப்பு கழன்று பந்தை விட அதிக தூரம் போயிற்று. அதற்கும் த்ரோ தர வேண்டுமா என்று காசாளர் கேட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.

ஆட்டம் மட்டும் நன்றாக இருந்தது. உள்ளூர் அணி முதல் பாதியில் ஒரு கோல் போட்டது. கிராமத்துப் பெண்கள் அதற்கப்புறம் பந்தை விடவே இல்லை. தோற்றுக்கொண்டிருக்கிறவர்கள் போல அவர்கள் ஆடவே இல்லை. ஒரு வருடமாகக் கட்டிப்போட்டிருந்ததை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன், பெரும்பாலும் வெகு தூரத்தில்.

முடியப்போகிற நேரத்தில் இடது ஓரத்தில் ஆடிய ஒல்லியான பெண்ணுக்குப் பந்து வந்தது. அவளுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். நான் மைதானத்தின் நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் கோல் அடித்தாள். ஆஃப்சைடு என்று நான் ஊதினேன். படித்தவன் அல்லவா, சந்தேகமே வரவில்லை.

மரத்தடியில் நாற்காலிகள் சரிந்தன. மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். உள்ளூர் அணியின் தடுப்பாட்டக்காரி ஒருத்தி கோட்டுக்கு அப்பால், தார்ப்பாய் மேல் நெல்லுக்குள் நின்று ஷூவுக்குள் போன நெல்மணியைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவரைக் கேட்காமல் கோட்டைத் தாண்டிப் போனவளையும் கோட்டின் மேல் நிற்பதாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தால் ஒல்லியான பெண்ணுக்கு முன்னால் எதிரணியில் இரண்டு பேர் ஆகிறது; அது ஆஃப்சைடு இல்லை, சுத்தமான கோல். இந்த விதி எனக்குத் தெரியாததல்ல. விதிப்புத்தகத்தில் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ‘சுவாரசியம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனால் நெல்லுக்குள் நின்றவளை நான் பார்க்கவில்லை. விசில் ஊதியாயிற்று. ஊதியதை மாற்றலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கோல்கீப்பர் பந்தை வைத்து உதைத்துவிட்டாள்; ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. கொஞ்ச நேரத்தில் முடிவு விசிலையும் ஊதினேன். அதை மட்டும் சரியாக ஊதியதாகப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

பி.டி. வாத்தியார் எல்லோர் முன்னிலையிலும் அந்த விதியை எனக்கு விளக்கினார். காசாளர் மண்ணில் படம் போட்டுக் காட்டினார். தலைவரும் செயலாளரும் இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒன்றாகவே போனார்கள். நான் கண்டக்டரைத் தேடிப் பிடித்து விசிலைக் கழுவிக் கொடுத்துவிட்டு, சிஸ்டர் நின்ற இடத்துக்குப் போனேன். பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இங்கே வர்ணிக்க மாட்டேன்.

அது கோல்தான், தப்பு என்னுடையது, லீக்குக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றெல்லாம் திணறித் திணறிச் சொன்னேன். மூச்சு இன்னும் சரியாகவில்லை. வருத்தத்தினால் திணறுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். சிஸ்டர் கடைசிப் பெண்ணை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“விடுங்க சார். போன வருஷம் சீட்டுல தோத்தப்ப யாரைத் திட்டுறதுன்னே தெரியாம உம்முன்னு வந்துச்சுங்க. இந்த வருஷம் நீங்க இருக்கீங்க. ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் பிள்ளைங்களுக்குப் பொழுது போயிடும்.”