காலை ஆறு பத்து

என் பயிற்சிக் கோப்பில் முதல் தாள் ஒரு புகார்ப் பதிவேட்டின் நகல். ‘புகார் வந்த நேரம்’ என்ற கட்டத்தில் பென்சிலால் பத்தரை என்று எழுதி அழித்த தடம். அதன்மேல் பேனாவில் காலை ஆறு பத்து. ஓரத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம்.

மின் அலுவலர்களுக்கு ஒழுங்குமுறை விதிகளைச் சொல்லிக்கொடுக்க நான் முதன்முதலில் போனது திண்டிவனத்துக்கு. மின்பொறியியல் படித்தவள், எதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நம்பிய நாட்கள் அவை. அன்றைக்கும் மூன்று தலைப்புகள்: பழுது நீக்கக் கால அளவு, தாமதமானால் நுகர்வோரின் உரிமை, பதிவேடு எழுதும் முறை. உதாரணத்துக்கு, கண்டாச்சிபுரம் பக்கமிருந்து வந்திருந்த ஒரு போர்மேனின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பழுதுகூட ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தூக்கிக் காட்டினேன். “ஃபியூஸ் போறதுக்கு மின்னாடியே போய் நின்னுக்கினு இருப்பாரு மேடம்” என்றது கடைசி வரிசை. வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

டீ குடிக்கும்போது அவரே விளக்கினார். புகார் வந்தால் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார்கள். மின்சாரம் வந்த பிறகுதான் அது பதிவேட்டில் ஏறும்; அரை மணிக்கு முன்னால் புகார் வந்ததாகப் பென்சிலில் ஒரு நேரம் போட்டு, மாலையில் அதன்மேல் பேனா ஓட்டுவார்கள். உண்மை நேரத்தை எழுதுங்கள் என்றேன். அவருக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. பணிக்காலம் முழுவதும் தாமதத்துக்கென்று ஒரு மெமோ வாங்கியதில்லை. “மெமோ வந்தா நீங்களா மேடம் வாங்கிப்பீங்க?” என்று கோபமில்லாமல் கேட்டார். நான் மூன்றாவது தலைப்பை நடத்தப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்தில் அடுத்த வகுப்பு. அந்தப் போர்மேன் பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். உள்ளே நாலாக மடித்த மெமோ. அது இருந்த பக்கத்தில்தான் அந்த ஆறு பத்து. மின்சாரம் வந்த நேரம் பதினொன்று. குறிப்பில், ‘ஏணி வண்டிக்குக் காத்திருந்தது நான்கு மணி நேரம்’. மூன்று அலுவலகங்களுக்கு ஒரே வண்டி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“நீங்களா கையப் புடிச்சி எழுத வச்சீங்க?” என்றார். பிறகு மெமோவைச் சட்டைப் பையில் வைத்தபடி, “வண்டி இல்லன்றத இத்தினி வருசமா நான்தான் மேடம் மறைச்சிக்கினு இருந்திருக்கேன்” என்றார்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து என் அறிக்கையோடு அனுப்பினேன். வண்டி வந்தது, அவர் ஓய்வு பெற்ற பிறகு. மெமோவை ரத்து செய்யக் கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை.

இப்போது புகார்கள் கைபேசியில் பதிவாகின்றன. நேரம் தானாக விழுகிறது. போன மாதம் திண்டிவனத்தில், அதே அறையில், ஓர் இளம் பொறியாளர் சொன்னார்: “அதனால கரண்டு வந்தப்புறம் பதிவு பண்ணுங்கன்னு ஜனங்ககிட்டயே சொல்லிடறோம் மேடம்.” எல்லோரும் சிரித்தார்கள். தலைப்புகளைப் பலகையில் எழுதப் போன நான், சாக்பீஸை வைத்துவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். “உண்மை நேரம் விழுந்தால் உங்களில் யாருக்கு மெமோ வரும்?” என்று நானே முதலில் கேட்டேன். ஒரு கை உயர்ந்தது; பிறகு இன்னொன்று. தாளை முன்வரிசையில் கொடுத்தேன். கைமாறிக் கைமாறிப் போனது. ஆறு பத்துக்கு அடியில் அந்தப் பத்தரை இன்னும் தெரிகிறது.