மாலை போட்ட பட்டமளிப்புப் படம்

பக்கத்துக் கல்லூரியே போதும் என்றாள் மகள். பெயர்பெற்ற பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று அவளோடு சண்டை போட்டுவிட்டு, யோசனை கேட்க அடுத்த ஊரான அசாம் ஜாவாவில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போனேன். அவள் மகள் லண்டனில் பட்டம் வாங்கியவள்.

கூடத்தில் அந்தப் பெண்ணின் பட்டமளிப்புப் படம். அதற்குக் காய்ந்த மாலை, முன்னால் விளக்கு.

"புள்ளைக்கு என்னடி ஆச்சு?" என்று அழுதேவிட்டேன்.

"ஐயோ, வாயக் கழுவு! கோயில்ல மரியாத பண்ணிப் போட்ட மாலை லா அது. பெரிய வேல கெடைக்கணும்னு வெளக்கு ஏத்துறேன். அவ்வளவு படிச்சிட்டு சின்ன வேலைக்கா போவா?"

உள்ளறைக் கதவு திறந்தது. வெயில் படாத முகத்தோடு அந்தப் பெண் நின்றாள்.

"அழுங்க ஆன்ட்டி," என்றாள், படத்தைப் பார்த்தபடி. "வெளக்கெல்லாம் அவளுக்குத்தான். நான் இங்க இருக்கிறதே அம்மாவுக்குத் தெரியல."

வீடு திரும்பியதும் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அது போதும் என்று தோன்றியது.