உயரத்து ஜன்னலில் இரண்டு தட்டு

1. தகரம்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் அந்த சர்ச்சுக்கு ஜன்னலெல்லாம் உயரத்தில், ஓட்டுக்குக் கொஞ்சம் கீழே. சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட் ஆகி, அடியில் பாறை வெடித்து பூமி ஆடும்போதெல்லாம் கண்ணாடி விழுந்ததால், யாரோ மொத்தத்தையும் தகரம் வைத்து அடித்துவிட்டார்கள். ஃபாதர், ராபர்ட்சன்பேட்டையில் இருந்த என் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார்.

"பட்டப்பகல்ல டியூப் லைட் போட்டு பூசை வெக்கிறேன்ப்பா. எனக்கு வெளிச்சம் வேணும்."

எனக்கு உயரம் ஆகாது. அவ்வளவு நீள ஏணியும் இல்லை. உத்தரத்தில் கப்பி கட்டி, பலகையில் உட்கார்ந்து ஏறுவதென்று முடிவானது. கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடிக்க மாணிக்கண்ணன் வந்தார். அங்கே மைசூர் மைன்ஸில், ஆட்கள் சுரங்கத்துக்குள் போய்வரும் கேஜ் கூண்டை மணி கேட்டு ஏற்றி இறக்குகிறவர். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். அதுவே எனக்குப் பயம்.

"தூங்கிடாதீங்கண்ணா."

"நீ மேல தூங்காத, போ."

நான் கை காட்டினால் ஏற்றணும், இறக்கணும் என்று பேச்சு.

2. சுத்தி

தகரத்தைப் பிடுங்கினேன். காலை வெயில் உள்ளே கொட்டியது. கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு, ஆணியை இரண்டு தட்டுத் தட்டினேன்.

பலகை இறங்கியது.

கண்ணாடி மேலேயே நின்றது, சாய்ந்தபடி, என் தலைக்கு நேராக. "நிறுத்துங்கண்ணா" என்று கத்தினேன். இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே பார்த்தால் மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். தூங்கிவிட்டார், செத்தோம் என்றுதான் நினைத்தேன். பதறிய கையில் இருந்த சுத்தி சுவரில் ஒரு தரம் மோதியது. பலகை டக்கென்று நின்றது.

"இன்னாண்ணா, கொல்லப் பாக்கறீங்களா?"

"நீதானே ரெண்டு அடிச்ச. ரெண்டுன்னா இறக்கு. இப்ப ஒண்ணு அடிச்ச, நிறுத்திட்டேன்."

"கத்தினேனே."

"கேஜ்ல எறங்குறவன் கத்தத்தான் செய்வான். மணிதான் கணக்கு. மேல பாத்தா வெயில்ல கண்ணு கூசுது, உன் கையே தெரியல. அதான் கண்ண மூடிக்கினேன். இருட்டுல நான் ஒருத்தனையும் கை உட்டதில்ல."

கண்ணாடி அந்த ஒற்றை ஆணியில் நிற்கிறது. மறுபடி ஏறியாகணும்.

"ஆள் இருக்கு, மெதுவா ஏத்துன்னு சொல்ல எத்தனை அடிக்கணும்?"

"மூணு."

சுவரில் மூன்று தட்டினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. பலகை அலுங்காமல் மெதுவாக ஏறியது. மிச்ச ஆணிகளைத் தட்டவில்லை, உளியால் அழுத்தியே இறக்கினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் கயிற்றை மட்டும் சோதித்தால் போதாது. அதைப் பிடிக்கிறவர் எதை நம்பி இழுக்கிறார் என்று ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.