லத்தீன் வீட்டுப் பங்காளிகள்

என் சின்ன மருமகள் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு சாமானை நிம்மதியாகக் கையில் எடுக்க முடியவில்லை. எடப்பாடியில் துண்டு ஏற்றுமதி செய்கிற ஆபீஸில் வேலை இருக்கிறது. ஸ்பெயின்காரர்களிடம் அவர்கள் பாஷையில் போனில் பேசிக் காட்டினால்தான் வேலைக்கு எடுப்பார்கள். வீட்டுத் தறிச் சத்தத்தை விட்டு வெளியே போக அவளுக்கு வேறு வழி இல்லை என்பதால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

குழம்புக்கு உப்புப் போடப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"அத்தை, உப்புக்கு அங்க 'சால்'ங்க. இங்கிலீஷ்ல சம்பளத்துக்கு 'சேலரி'ங்கறமில்ல, அது இதுக்குப் பங்காளிங்க. ரெண்டும் லத்தீன் ஊட்டுல பொறந்தது."

"உன்ற மாமனாரு வாங்குன சம்பளம் உப்புக்குத்தான் ஆச்சு. பங்காளியாத்தான் இருக்கோணும்."

கை கழுவினால் கை 'மானோ', தண்ணீர் 'அகுவா'. கையால் செய்கிற வேலையை 'மேனுவல்' என்பதும், மீன் தொட்டியை 'அக்வேரியம்' என்பதும் அவற்றின் பங்காளிகளாம். லத்தீன் செத்துப்போன பாட்டியாம், ஸ்பானிஷ் சொந்தப் பேத்தியாம். இங்கிலீஷ் வேறு வீட்டுப் பிள்ளை, ஆனால் பாதிப் பாத்திரம் இந்த வீட்டில் இரவல் வாங்கியது.

"வாங்குனதத் திருப்பிக் குடுத்துச்சா?" என்றேன். முறைத்தாள்.

ஸ்பெயின்காரி ஒருத்தியிடமிருந்து போன் வந்த அன்று அறைக் கதவோரம் நின்றேன். கடகடவென்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"துண்டு எதுல நெய்யறதுன்னு கேட்டாங்க. பருத்திக்கு வார்த்தை வரலீங்க அத்தை."

"பொழுதுக்கும் பருத்திப் பஞ்சுலதான கெடக்கறோம். அதப் படிக்கலியா?"

"அது லத்தீன் இல்லீங்க, அரபுக்காரங்களுது. துண்டும் லத்தீன் ஊடு இல்லீங்க. பங்காளிகளை முடிச்சுட்டுப் பாக்கலாம்னு தள்ளி வெச்சுட்டேன்."

பங்காளி வீடு ஒன்று விடாமல் பத்திரிகை வைத்துவிட்டு, சமையல்காரரைக் கூப்பிட மறந்த கல்யாணம் மாதிரி இருந்தது. விற்கப் போவது பருத்தித் துண்டு.

திங்கட்கிழமை இன்னொரு தரம் பேசலாம், அதற்குமேல் இல்லை என்று அந்த ஆபீஸ் மேனேஜர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்தாள்.

"அத்தை, பாலுக்கு 'லெச்சே'ங்க."

பால் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பருத்தியச் சொல்லு. அப்பறந்தான் பாலு."

கண்ணை மூடி யோசித்தாள். "அல்கொதோனுங்க."

"ஸ்பெயின்காரிகிட்டயும் 'ங்க' போடுவியா சாமி? அத எடுத்துட்டு இன்னொருக்காச் சொல்லு."