புரட்டாசியும் ஆட்டு மூளையும் பங்காளி வீட்டு நாயும்

ஊசியைக் கண்டால் குழந்தைகள்தான் அழும் என்று நினைப்பவர்கள் யாரும் கம்பவுண்டர் வேலை பார்த்ததில்லை. நான் பார்த்தேன். இரண்டாவது யுத்தத்துக்கு ஓரிரு வருஷம் முன்பு, நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். மருந்து கலக்குவது, புண் கழுவுவது, நாய்க்கடிக்கு ஊசி குத்துவது எல்லாம் என் பாடு. நாயிடம் கடிபட்டு, அதற்கப்புறம் கம்பவுண்டரிடமும் குத்துப்பட்ட அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். இதில் முக்கால் பங்கு நிஜம். மீதிக் கால் பங்கு அதைவிட நிஜம்.

வயிற்றுக்குள் போவதெல்லாம்

செங்கோடன் என்று ஒரு மஞ்சள்காட்டுக்காரர். ஒருநாள் கெண்டைக்காலில் நாலு பல் பதிந்து வந்தார். கடித்தது அவருடைய பெரியப்பா மகன் நல்லதம்பியின் நாய், பெயர் செவலை. பங்காளிகள் இருவருக்கும் கிணறு ஒன்றுதான். ஆளுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். முறை பிசகினால் பேச்சுவார்த்தை மண்வெட்டியோடு நடக்கும்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இன்றைக்கே ஊசியை ஆரம்பிக்க வேண்டும். தினம் ஒன்றாகப் பதினாலு, தொப்புளைச் சுற்றி. இரண்டு, நாயைக் கொல்லக்கூடாது, கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும். எச்சிலில் விஷம் இறங்கிய நாய் பத்து நாள் தாண்டாது. தாண்டிவிட்டால் அதற்கு விஷமில்லை என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடலாம்.

செங்கோடன் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தும்விட்டார். மருந்து எதில் செய்தது என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆட்டு மூளையில் செய்து அனுப்புகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அது புரட்டாசி மாதம். மனிதர் நெற்றியில் நாமம் வேறு. இது சாப்பாடு இல்லை, ஊசி என்று எவ்வளவோ வாதாடினேன். அவர் தம் தொப்புளை ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு, சட்டையை இறக்கிக்கொண்டு சொன்னார்:

“வயித்துக்குள்ள போறதெல்லாம் சாப்பாடுதானுங்க கம்பவுண்டர். ஐப்பசி பொறக்கட்டும், வாரேன்.”

செவலைக்கு ராஜ உபசாரம்

டாக்டர் சொன்ன இரண்டில் செங்கோடன் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் தானும் இருக்கலாம். ஆகவே நாயைச் சாகவிடக்கூடாது. இவ்வளவுதான் அவருக்குப் புரிந்த வைத்தியம். டாக்டர் என்னைத் தினமும் சைக்கிளில் விரட்டினார். ஆளுக்குப் புத்தி சொல்ல வேண்டும், நாயையும் பார்த்து வர வேண்டும்.

போய்ப் பார்த்தால், நல்லதம்பி களத்துமேட்டு வேப்பமரத்தடியில் செவலை கட்டிக் கிடக்கிறது. எதிரே செங்கோடன் வீட்டுச் சொம்பில் செங்கோடன் வீட்டு எருமைப்பால். வெயில் படாமல் இருக்க ஓலைத் தடுப்பு. கண்ணேறு படாமல் இருக்கக் கழுத்தில் கறுப்புக் கயிறு. நாயின் ஆயுசுக்காக மாரியம்மனுக்கு மாவிளக்கும் நேர்ந்திருந்தார். அந்த நாய்க்குத் தினம் சுப்ரபாதம் பாடினார் என்றுகூட ஊரில் சொன்னார்கள். அதை நான் சொல்லவில்லை, சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நல்லதம்பி சும்மா இருப்பாரா? ஒரு தடியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிநாயை அடித்துப் போடுவதுதான் ஊருக்கு நல்லது என்று காற்றோடு பேசினார். உடனே செங்கோடன் தம்முடைய தண்ணீர் முறையில் இரண்டு நாளை விட்டுக்கொடுத்தார். மறுநாளும் நல்லதம்பி காற்றோடு பேசினார். இன்னும் இரண்டு நாள் போயிற்று. இது நியாயமா என்று நான் கேட்டதற்கு நல்லதம்பி சொன்ன பதில்:

“என்ற நாய் மேல பங்காளிக்கு இத்தன பாசம் வரும்னு தெரிஞ்சிருந்தா, போன வருசமே கடிக்க உட்டிருப்பேனுங்க.”

நாயின் விரதம்

நாலாம் நாள் பால் அப்படியே இருந்தது. செவலைக்குத் தாடை தொங்கிவிட்டது, எச்சில் ஒழுகிற்று, குரைத்தால் தகரத்தை இழுக்கிற சத்தம். விஷம் நாயின் மூளையில் குடியேறிவிட்டது, இனிமேலும் தாமதித்தால் உம்முடைய கதை முடிந்தது என்று செங்கோடனிடம் பச்சையாகவே சொன்னேன். அவர் செவலையைக் கனிவோடு பார்த்தபடி சொன்னார்:

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க சாமி. அதுவும் பொரட்டாசி புடிக்குதாட்டம் இருக்குதுங்க.”

சேலம் ஸ்டேஷனில்

ஆறாம் நாள் செவலை செத்தது. மூளையைக் குன்னூருக்கு அனுப்ப வேண்டும். கையுறை போட்டு, டாக்டரும் நானும் மண்டையைத் திறந்து, எடுத்ததைக் கிளிசரின் புட்டியில் போட்டு, புட்டியைத் தகரப் பெட்டிக்குள் வைத்து அரக்கு முத்திரை இட்டோம். அங்கே அதை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். விஷக்கிருமி கண்ணுக்குத் தட்டாது. ஆனால் அது குடியிருந்த வீட்டில் பொட்டுப் பொட்டாக அடையாளம் விட்டுவைத்திருக்கும். சந்தேகம் இருந்தால் முயலுக்கு ஏற்றியும் பார்ப்பார்கள்.

சேலம் ஸ்டேஷன் பார்சல் குமாஸ்தா, உள்ளே என்ன என்று கேட்டார். நாய் மூளை என்றேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். எதற்கு என்றார். செங்கோடன் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

“தப்பான ஆளோட மூளையை அனுப்புறீங்க சார்.”

நடுக் கட்டில்

தந்தி வந்தது: விஷம் உண்டு. செங்கோடனைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். புரட்டாசி முடிய இன்னும் ஒன்பது நாள் பாக்கி. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அந்த விஷம் கடிவாயில் சத்தம் போடாமல் கிடக்குமாம். பிறகு நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுமாம். வாரமும் ஆகலாம், மாதமும் ஆகலாம். ஏறிவிட்டால் குன்னூரிலும் மருந்து கிடையாது. அது போய்ச் சேருவதற்குள் ஊசி முந்திக்கொள்ள வேண்டும். காலில் கடித்தது உன் அதிர்ஷ்டம், ஆனால் அதிர்ஷ்டத்தை எட்டொன்பது நாள் செலவழித்துவிட்டாய் என்றார். செங்கோடன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சட்டையை மட்டும் தூக்கவில்லை. செத்தால் விரதத்தோடு சாகிறேன், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தச் சமயம் பார்த்து நல்லதம்பி வந்தார், வலதுகையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு. துண்டை விலக்கினால் கட்டைவிரலில் பல் தடம். கட்டிப்போட்ட மறுநாளே செவலை அவரையும் பதம் பார்த்திருக்கிறது. சொன்னால் நாய் வெறிநாய் ஆகிவிடும், கிடைத்த தண்ணீர் முறை கைவிட்டுப் போய்விடும் என்று மூடி வைத்திருக்கிறார். ஆட்டு மூளை என்று நான் எச்சரித்தும் நடுக் கட்டிலில் படுத்து, கண்ணை இறுக மூடி, வயிற்றைக் காட்டினார். குத்தினேன்.

செங்கோடன் முகத்தில் முதலில் ஒரு புன்னகை. பங்காளி விரதத்தை முறித்துவிட்டானே! பிறகு அந்தப் புன்னகை மெல்லக் கரைந்தது. மனிதர் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இந்த ஊசி போட்டவன் பிழைப்பான். போடாதவன் போவான். போனால் கிணறு முழுசும் யாருக்கு? சட்டென்று எழுந்து வந்து, நல்லதம்பியை நகரச் சொல்லிவிட்டு அதே கட்டிலில் படுத்தார். சட்டை கழுத்துவரைக்கும் ஏறியது.

“அவன் இருந்து நான் போறதாங்க? குத்துங்க கம்பவுண்டர், பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

பதினாலு நாளும் ஒருவர்கூட ஊசிக்கு வரத் தவறவில்லை, இருவருமே கிழடு தட்டித்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்பதால், என் அனுபவத்தில் நாய்க்கடிக்கு ஆட்டு மூளை பாதி மருந்து, பங்காளிக் காய்ச்சல் மீதிப் பாதி.